மருத்துவக் கவனயீனக் கோரிக்கைகளைக் கையாளுதல்: வன்னி வைத்தியசாலைகளின் நிருவாகத்தினருக்கு

மருத்துவக் கவனயீனம் நடந்ததாகச் சொல்லி நட்டஈடு கோரும் கடிதம் பெரும்பாலும் சம்பவம் நடந்து பல மாதங்கள் கழிந்த பின்னரே, பதிவுத் தபாலில் பணிப்பாளரின் மேசைக்கு வந்து சேர்கிறது. கடிதத்தைக் கண்ட பிறகு கோப்பைத் தேடத் தொடங்கும் வைத்தியசாலை தன் பக்கத்து நியாயத்தில் பாதியை ஏற்கெனவே இழந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். விடுதியில் நோயாளியின் நிலையும் சிகிச்சையும் எழுதப்படும் பதிவேடான பீ.எச்.ரீ. யில் அன்றிரவு என்ன எழுதப்பட்டது, எந்த நேரம் குறிக்கப்பட்டது, உறவினரோடு யார், எந்த மொழியில், எங்கே வைத்துப் பேசினார் என்பவையே பின்னர் நீதிமன்றத்தில் பேசப்படுகின்றன. அவை யாவும் முதல் இரண்டு நாட்களுக்குள் முடிந்துபோகும் காரியங்கள்.

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களிலுள்ள பொது, ஆதார, பிரதேச வைத்தியசாலைகளில் நிருவாகப் பொறுப்பு வகிப்போரையும் சிறிய தனியார் வைத்தியசாலைகளை நடத்துவோரையும் மனதில் வைத்து இது எழுதப்படுகிறது. இது சட்ட ஆலோசனைக்கு மாற்றன்று. சட்டத்தரணியைத் தேடிப் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்பதே இதன் விடயம்.

வழக்காளி நிறுவ வேண்டியவை

இலங்கையில் இவ்வகை நட்டஈட்டு வழக்குகள் உரோமன் டச்சுச் சட்டத்தின் அக்குவிலிய வழக்கு (பிறரின் தவறால் நேர்ந்த இழப்புக்கு நட்டஈடு கோரும் வழக்கு) என்ற வழியாகவே மாவட்ட நீதிமன்றத்துக்கு வருகின்றன. அதே துறையில் அதே நிலையிலுள்ள மருத்துவர் ஒருவரிடம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய கவனம் காட்டப்படவில்லை என்பதையும், அந்தக் குறைபாட்டினால்தான் பாதிப்பு ஏற்பட்டது என்பதையும், அதனால் இழப்பு நேர்ந்தது என்பதையும் வழக்காளியே நிறுவ வேண்டும். இவற்றுள் நடுவிலுள்ள காரணத் தொடர்புதான் மிகக் கடினமானது. குழந்தையொன்றின் மூளைத்தண்டுக் கட்டி சரியாக இனங்காணப்படவில்லை என்று குழந்தை மருத்துவர் பேராசிரியர் பிரியானி சொய்சாவுக்கு எதிராகத் தொடரப்பட்ட வழக்கில் மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா நட்டஈடு வழங்கியிருந்தது. 2001 இல் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தபோது அடிப்படையாக அமைந்தது காரணத் தொடர்பு நிறுவப்படாமையே. இந்தத் தீர்ப்பைக் காட்டி ‘வழக்கு வந்தாலும் வெல்லலாம்’ என்று ஆறுதல் அடையும் நிருவாகிகளைக் கண்டிருக்கிறேன். அந்த ஆறுதல் நெடுநாள் நிலைக்கக் கூடியதன்று. ஒருவரின் மரணத்தால் நெருங்கிய உறவினர் இழக்கும் அன்புக்கும் அரவணைப்புக்கும் நட்டஈடு கோர இடமளிக்கும் சட்டம் 2019 இல் நிறைவேறியிருக்கிறது.

குடியியல் வழக்கோடு விடயம் முடிவதில்லை. கவனயீனத்தால் மரணம் விளைவித்தல் தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவின் கீழ் ஐந்து வருடம் வரையான சிறைத்தண்டனைக்குரிய குற்றம்; ஆகவே பொலிஸ் முறைப்பாடு, நீதவான் நீதிமன்றம், இலங்கை மருத்துவ சபையின் ஒழுக்க விசாரணை, மனித உரிமைகள் ஆணைக்குழு ஆகிய வழிகள் யாவும் ஒரே சம்பவத்துக்காக ஒரே வேளையில் திறக்கக்கூடும். எந்த வழி திறந்தாலும் கேட்கப்படும் ஆவணங்கள் ஒன்றேதான்.

முதல் நாள்

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். மாரி தொடங்கிய நாட்களில் வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போன கமக்காரர் ஒருவரை முத்திரைப் புடையன் கடிக்கிறது. பக்கத்துப் பிரதேச வைத்தியசாலைக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுவருகிறார்கள். அங்கிருந்து அம்புலன்ஸில் ஆதார வைத்தியசாலைக்கு அனுப்புகிறார்கள். இருபது நிமிட உறைவுப் பரிசோதனையில் இரத்தம் உறையவில்லை என்று கண்டு விஷமுறி மருந்து ஏற்றத் தொடங்குகிறார்கள். சிறிது நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சிழுத்து, இரத்த அழுத்தம் இறங்குகிறது. அட்ரினலின் கொடுக்கப்படுகிறது, அதன் பிறகு மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டு மறுநாள் விடிகாலையில் அவர் இறந்துபோகிறார். ‘பாம்பு கடிச்சுச் சாகேல்லை, ஊசி போட்டுத்தான் செத்தவர்’ என்ற பேச்சு செத்தவீடு முடியுமுன்னரே ஊருக்குள் உறுதியாகிவிடும்.

இலங்கையில் பயன்படும் விஷமுறி மருந்து இந்தியாவிலிருந்து வருவது. குதிரையின் குருதியிலிருந்து எடுக்கப்படுவதால் அதற்கு ஒவ்வாமை விளைவுகள் ஏற்படுவது அரிதன்று. இது மருத்துவர் யாவருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் ஏற்றுமுன் உறவினருக்கு இது சொல்லப்பட்டதா, சொல்லப்பட்டதாக எழுதப்பட்டதா என்ற இடத்தில்தான் வைத்தியசாலை தடுமாறும்.

இப்படியொரு மரணத்தின் பின் நிருவாகம் செய்ய வேண்டிய முதற் காரியம், பீ.எச்.ரீ. யை உடனே தன் பொறுப்பில் எடுப்பது. பக்கங்களுக்குச் சிவப்பு மையினால் தொடரிலக்கம் இட்டு, இரண்டு படி பிரதி எடுத்து, மூலத்தைப் பணிப்பாளரின் அலுமாரியில் பூட்டி வைத்து, எடுத்த நேரத்தையும் எடுத்தவரின் பெயரையும் குறித்துக்கொள்ள வேண்டும். பொலிஸாரோ நீதிமன்றமோ மூலத்தைக் கேட்டால் பற்றுச்சீட்டுப் பெற்றே கொடுக்க வேண்டும். மருந்து வழங்கிய அட்டை, தாதியரின் அறிக்கைப் புத்தகம், முன்னைய வைத்தியசாலையின் இடமாற்றக் கடிதம், அம்புலன்ஸின் ஓட்டப் பதிவேடு, அன்றைய கடமைப் பட்டியல், நோயாளியின் கிளினிக் கொப்பி ஆகியவையும் அதே கோப்புக்குள் சேர வேண்டும். வெப்பத்தாளில் அச்சாகும் ஈ.சி.ஜி. பட்டைகளையும், கருவிலுள்ள சிசுவின் இதயத்துடிப்பைப் பதியும் சி.ரி.ஜி. பட்டைகளையும் அன்றே பிரதி எடுக்காவிட்டால் வன்னி வெயிலில் ஒரு கோடை கழியுமுன் அவை வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். சிசுவின் இதயத்துடிப்பைக் காட்டிய ஒரேயொரு சான்று அப்படி மங்கிப்போன பின், எவ்வளவு திறமான சட்டத்தரணியாலும் அதை மீட்க முடியாது.

பொருட்களையும் மறக்கலாகாது. வெறுமையான மருந்துக் குப்பிகள், தொகுதி இலக்கம், சேலைன் செற், எஞ்சிய கரைசல் எல்லாவற்றையும் குப்பைக் கூடைக்குப் போகுமுன் பொறுப்புத் தாதி ஒரு பையிலிட்டு முத்திரையிட வேண்டும். மருந்துத் தொகுதியிலேயே பழுது இருந்தால் அதைத் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கு அறிவிக்க அந்த இலக்கம் ஒன்றே வழி.

நேரம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் விடுதிச் சுவரிலிருந்த மணிக்கூடு சத்திரசிகிச்சைக் கூடத்து மணிக்கூட்டைவிட ஒன்பது நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பின்னர் ஒரு விசாரணையில், நோயாளி கூடத்துக்குள் ‘வந்த’ நேரம் விடுதியை விட்டு ‘வெளியேறிய’ நேரத்துக்கு முந்தியதாகப் பதிவாகியிருந்தது. பதிவேடுகளைப் பின்னர் இருந்து எழுதினார்கள் என்று குற்றஞ்சாட்ட எதிர்த்தரப்புக்கு அதுவே போதுமாயிருந்தது. ஆகவே சம்பவத்தன்று எல்லா மணிக்கூடுகளையும் கைத்தொலைபேசி நேரத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் குறித்து, அந்தக் குறிப்பைக் கோப்பில் வைக்க வேண்டும்.

பதிவில் விடுபட்டதைச் சேர்க்கலாமா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழும். சேர்க்கலாம், ஆனால் ‘பிந்திய பதிவு’ என்று தலைப்பிட்டு, எழுதும் திகதியையும் நேரத்தையும் இட்டு, ஏன் அப்போது எழுத முடியவில்லை என்பதையும் ஒரு வரியில் சொல்லி, முழுப் பெயரோடு கையொப்பமிட வேண்டும். பிழையாக எழுதியதை வாசிக்கக்கூடியவாறு ஒற்றைக் கோட்டினால் வெட்டலாம். டிப்பெக்ஸ் பூசுவதும், பக்கத்தைக் கிழித்துப் புதிதாக எழுதுவதும், வரிகளுக்கிடையே நுணுக்கி எழுதிச் செருகுவதும் செய்த சிகிச்சை முழுக்கச் சரியாக இருந்தாலும் அதைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும். திருத்தப்பட்ட பீ.எச்.ரீ. யை வைத்துக்கொண்டு எதிர்வழக்காடுவதிலும் ஒன்றும் எழுதப்படாத பீ.எச்.ரீ. யை வைத்துக்கொண்டு எதிர்வழக்காடுவது மேல்.

மரணமாயின் மரண விசாரணையைத் தவிர்க்க முயலக்கூடாது. உடலத்தை விரைவாகத் தாருங்கள் என்று உறவினர் கெஞ்சும்போது, இரக்கத்தினாலோ சச்சரவைத் தவிர்க்கும் எண்ணத்தினாலோ பிரேத பரிசோதனையின்றிக் கொடுத்து அனுப்பும் வழக்கம் சில இடங்களில் இருந்தது. அப்போது நன்றி சொன்ன அதே குடும்பத்துக்கு ஆறு மாதம் கழித்துச் சந்தேகம் வரும்போது, மரணத்தின் காரணத்தைச் சொல்ல இரு தரப்பிடமும் எதுவும் இராது. சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை வைத்தியசாலைக்கு எதிராக இருக்குமோ என்ற பயம், அறிக்கையே இல்லாமற் போவதால் வரும் கெடுதியோடு ஒப்பிடுகையில் சிறியது. மேலே சொன்ன பாம்புக்கடி மரணத்தில் மூளைக்குள் இரத்தம் கசிந்திருந்ததா, ஒவ்வாமையால் இறந்தாரா என்பதைப் பிரேத பரிசோதனையும் ஆய்வுகூட முடிவுகளும் நேரக் குறிப்புகளும் சேர்ந்தே சொல்ல வேண்டும்.

உறவினரோடு பேசுதல்

சட்டத்தரணியை நாடும் குடும்பங்கள் எல்லாம் பணத்துக்காகவே நாடுகின்றன என்று எண்ணுவது நிருவாகத்தின் பழைய மயக்கம். என் அனுபவத்தில், ‘என்ன நடந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை’ என்ற வசனமே முறைப்பாட்டுக் கடிதங்களில் அதிகம் வரும். வன்னியில் இந்த வசனத்துக்குக் கூடுதல் பாரம் உண்டு. 2009 இல் உறவுகளைத் தொலைத்து, ஆணைக்குழு ஆணைக்குழுவாக ஏறியிறங்கிப் பதிலின்றித் திரும்பிய மக்களிடம் ‘விசாரணை நடக்கிறது’ என்று மட்டும் சொன்னால், அது மறைப்பதற்கான சொல்லாகவே அவர்கள் காதில் விழும்.

எனவே சிகிச்சைக்குப் பொறுப்பான விசேட வைத்திய நிபுணரே, 24 மணித்தியாலத்துக்குள், ஓர் அறையில் உட்காரவைத்துப் பேச வேண்டும். விடுதி வாசலில் நின்றபடி பேசுவதும், பயிற்சி வைத்தியரை அனுப்பி ஒப்பேற்றுவதும் ஆகாது. நிபுணருக்குத் தமிழ் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பவர் மருத்துவம் தெரிந்தவராக இருக்க வேண்டும். அவசரத்துக்குச் சிற்றூழியர் ஒருவரைப் பிடித்து நிறுத்தினால், ‘மருந்துக்கு உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை’ என்ற செய்தி ‘மருந்து மாறிப்போச்சுது’ என்று போய்ச்சேர ஒரு கணம் போதும். தெரிந்ததைத் தெரிந்ததாகவும், இனித்தான் தெரியவேண்டியதை அவ்வாறே எனவும் சொல்லி, அடுத்து எப்போது பேசுவோம் என்று ஒரு திகதியைக் கொடுத்து, அந்தத் திகதியில் நிருவாகமே அழைக்க வேண்டும். முடிவு வராவிட்டாலும் வரவில்லை என்று சொல்ல அழைக்க வேண்டும்.

வருத்தம் தெரிவிப்பதற்குப் பயப்படத் தேவையில்லை. ‘உங்கள் கணவரைக் காப்பாற்ற முடியாமற் போனதையிட்டு நாங்கள் மிகவும் வருந்துகிறோம்’ என்பது ஒரு மனிதப் பேச்சு. ‘இரவுக் கடமையில் இருந்த டொக்டரின் பிழைதான்’ என்பது காரணத் தொடர்பைப் பற்றிய முடிவு. விசாரணைக்கு முன் அதைச் சொல்லும் அதிகாரம் யாருக்கும் இல்லை, அது உண்மையாகவும் இல்லாதிருக்கலாம். பேசியவர்கள், இருந்தவர்கள், கேட்கப்பட்ட கேள்விகள், கொடுத்த பதில்கள் ஆகியவற்றை அன்றே ஒரு பக்கத்தில் எழுதிக் கோப்பில் இட வேண்டும். முகநூலிலோ யூரியூப்பிலோ விடயம் ஏறிவிட்டால் உத்தியோகத்தர் எவரும் தனிப்பட்ட கணக்கிலிருந்து பதில் எழுதலாகாது. அரச சேவையில் ஊடகங்களுக்குக் கருத்துச் சொல்லும் விடயத்தை அரச ஊழியருக்கான விதித்தொகுப்பாகிய தாபனக் கோவை கட்டுப்படுத்துகிறது என்பதையும், நோயாளியின் இரகசியத்தைக் காக்கும் கடமை அவர் இறந்த பின்னும் தொடர்கிறது என்பதையும் எழுத்தில் நினைவூட்டுவது நல்லது.

இரண்டு விசாரணைகள், இரண்டு கோப்புகள்

ஏன் நடந்தது என்று அறியும் மீளாய்வையும், யார் பொறுப்பு என்று தேடும் பூர்வாங்க விசாரணையையும் ஒரே கூட்டத்தில் நடத்தினால் இரண்டும் கெட்டுப்போகும். தண்டனை வருமென்று அஞ்சுபவர் மீளாய்வில் வாய் திறக்கமாட்டார். இலங்கையின் தாய்மரண மீளாய்வுகளில் பழிசுமத்தாது பேசும் மரபு ஏற்கெனவே இருப்பதால், மற்றச் சம்பவங்களுக்கும் அதையே முன்மாதிரியாகக் கொள்ளலாம்.

உத்தியோகத்தரின் கூற்றுகளை ஒரு வாரத்துக்குள் பெற்றுவிட வேண்டும். வன்னியில் இதற்கு விசேட காரணம் உண்டு: இங்கு வரும் இளம் மருத்துவர்களிற் பலர் தம் காலம் முடிந்ததும் தெற்கே சொந்த இடத்துக்கோ, வெளிநாட்டுக்கோ போய்விடுகிறார்கள். இரண்டு வருடம் கழித்து வழக்கு வரும்போது பீ.எச்.ரீ. யிலுள்ள சுருக்கொப்பம் யாருடையதென்று சொல்ல விடுதியில் ஒருவரும் மிஞ்சியிருக்கமாட்டார். அதனால் ஒவ்வொரு விடுதியிலும் பெயர், பதவி, மருத்துவ சபைப் பதிவிலக்கம், முழுக் கையொப்பம், சுருக்கொப்பம் ஆகியவை அடங்கிய கையொப்பப் பதிவேடு ஒன்றை வைத்து, இடமாற்றம் பெற்றுச் செல்பவரின் நிரந்தர முகவரியையும் அதில் எழுதுவித்த பின்னரே விடுவிப்புக் கடிதம் கொடுக்க வேண்டும்.

கூற்றில் தான் கண்டதும் செய்ததும் மட்டுமே இருக்க வேண்டும். ‘இரவு 9.40 க்கு நான் பார்த்தபோது நோயாளியின் உதடு வீங்கியிருந்தது, இரத்த அழுத்தம் 70 க்கு 40, 9.42 க்கு அட்ரினலின் அரை மில்லிகிராம் தொடைத் தசையில் கொடுத்தேன்’ என்பது கூற்று. ‘நோயாளி தாமதமாகக் கொண்டுவரப்பட்டதே மரணத்துக்குக் காரணம்’ என்பது கருத்து. அதை நிபுணரின் அறிக்கைக்கு விட்டுவிட வேண்டும்.

கடிதம் வந்த பின்

ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியில் கோரிக்கைப் பதிவேடு ஒன்றைத் தொடங்குங்கள். கணினியில் இருந்தாலும் கொப்பியும் இருக்கட்டும். அதில் முதலில் எழுத வேண்டியவை திகதிகள். நட்டஈட்டு வழக்கைக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பது காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் பொது விதி. சிறுவர் விடயத்தில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்பதால், பிரசவத்தில் பாதிப்புற்ற பிள்ளைகளின் கோப்புகளை இரண்டு வருடத்தோடு அப்புறப்படுத்தக்கூடாது. சட்டமா அதிபருக்கு அல்லது அரச உத்தியோகத்தர் ஒருவரின் உத்தியோகக் கடமை தொடர்பாக அவருக்கு எதிராக வழக்கிட, குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 461 ஆம் பிரிவின்படி ஒரு மாத முன்னறிவித்தல் தேவை; அந்த அறிவித்தல் கையில் கிடைத்தால், வழக்கு வாசலுக்கு வந்துவிட்டது என்று பொருள். அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பு வகுத்த காலம் ஒரு மாதம். 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பீ.எச்.ரீ. யின் பிரதி கேட்கப்பட்டால் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்க வேண்டும். மருத்துவப் பதிவுகளுக்கு உரியவரின் எழுத்து மூலச் சம்மதம் தேவை என்பதைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டுமேயன்றி, அதையே சாட்டாக வைத்து இழுத்தடிப்பது புத்தியன்று. கேட்டும் கொடுக்காத ஆவணத்தின் மேல் விழும் சந்தேகம், கொடுத்த ஆவணத்தின் குறையிலும் பெரிது.

கோரிக்கைக் கடிதத்துக்குச் சம்பந்தப்பட்ட மருத்துவர் தானாகப் பதில் எழுதக்கூடாது. அரச வைத்தியசாலையாயின், 1969 இன் சட்டத்தின்படி அரசும் தன் ஊழியரின் தீங்கியற் செயலுக்குப் பொறுப்பாகலாம் என்பதால், கடிதத்தின் பிரதியோடும் இரண்டு பக்கத்துக்கு மேற்படாத நிகழ்வுச் சுருக்கத்தோடும் பிராந்திய, மாகாண சுகாதாரப் பணிப்பாளர்கள் வழியாகச் சட்டமா அதிபர் திணைக்களத்தின் ஆலோசனைக்கு அனுப்ப வேண்டும். தனியார் வைத்தியசாலையோ பின்னேர நேரத்தில் தனியாக நோயாளர் பார்க்கும் அரச மருத்துவரோ ஆயின், காப்புறுதி நிறுவனத்துக்கு அன்றே எழுத்தில் அறிவிக்க வேண்டும். பொறுப்புக் காப்புறுதிகளில் தாமதமின்றி அறிவிக்க வேண்டும் என்றும், நிறுவனத்தின் சம்மதமின்றிப் பொறுப்பை ஏற்கலாகாது என்றும் நிபந்தனைகள் இருப்பது வழமை. ஒப்பந்தத்தை எடுத்து வாசிக்காமல் ஊர்ப் பெரியவர் முன்னிலையில் ஒரு தொகையைக் கையில் வைத்துச் சமாதானம் பேசிய உரிமையாளர், பின்னர் வழக்குக்கும் காப்புறுதி மறுப்புக்கும் ஒருங்கே முகங்கொடுக்க நேரும்.

பிழை தெளிவாக இருக்குமிடத்தில் இணங்கித் தீர்ப்பதே நேர்மையும் சிக்கனமும் ஆகும். வயிற்றுக்குள் துணி வைத்துத் தைக்கப்பட்டது என்று ஸ்கான் காட்டும்போது, ஏழு வருடம் நீதிமன்றத்தில் நின்று எதை நிறுவப்போகிறோம்? இணக்கம் எழுத்தில் இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் பராயமடையாதவராயின், நடக்கும் வழக்கை அவருக்காக இணங்கித் தீர்க்க நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். பிழை இல்லாத இடத்தில் ஊர்ச் சத்தத்துக்கு அஞ்சிப் பணம் கொடுப்பதும் தவறு. அது கடமையில் இருந்த தாதியையும் மருத்துவரையும் குற்றவாளிகளாக்கிவிடும்.

எங்கள் பக்கத்துக்கேயுரிய இடர்கள்

கோரிக்கைகளின் வேர் எங்கே இருக்கிறது என்று பதிவேட்டைப் புரட்டினால் மூன்று இடங்கள் திரும்பத் திரும்ப வரும். முதலாவது இடமாற்றம். நோயாளியை அம்புலன்ஸில் ஏற்றியதும் தன் கடமை முடிந்ததாக அனுப்பும் வைத்தியசாலை நினைக்கிறது. கையேற்கும் வைத்தியசாலையோ அவர் வந்து இறங்கிய பின்னரே தன் கடமை தொடங்குவதாக நினைக்கிறது. இடையில் ஏ9 வீதியில் கழியும் அந்த ஒன்றரை மணித்தியாலம் எந்தப் பதிவிலும் இராது. அனுப்புமுன் எந்த வைத்தியருடன் எத்தனை மணிக்குத் தொலைபேசியில் பேசப்பட்டது, உடன் சென்றது யார், வழியில் எத்தனை தரம் அழுத்தம் பார்க்கப்பட்டது என்பவற்றுக்கு இடம்விட்டு ஒரு தாளை அச்சடித்து இடமாற்றக் கடிதத்தோடு குத்திவிட்டால் போதும்.

இரண்டாவது மொழி. சம்மதப் படிவத்தில் கையொப்பம் இருக்கும், ஒப்பமிட்டவருக்கு அது என்னவென்று தெரிந்திராது. படிவத்தின் அடியில் ‘தமிழில் விளக்கியவர்’ என்று ஒரு வரியைச் சேர்த்து, அவரது பெயரையும் பதவியையும் எழுதவைத்த பிறகு நிலைமை மாறியதை நேரில் கண்டேன். தன் பெயரை எழுத வேண்டியவர் உண்மையாகவே விளக்கத் தொடங்குகிறார். நோயாளியை வீட்டுக்கு அனுப்பத் துண்டு வெட்டும்போது சொல்லப்படும் அறிவுரைக்கும், எப்போது திரும்பி வரவேண்டும் என்பதற்கும் இதே விதி பொருந்தும்.

மூன்றாவது, போர் உடம்புகளில் விட்டுச் சென்றவை. இடப்பெயர்வில் பழைய கிளினிக் கொப்பிகளும் மருத்துவ அறிக்கைகளும் தொலைந்த ஒரு தலைமுறை இங்கு வாழ்கிறது. எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதற்கு அவர்களிடம் எழுத்தில் எதுவும் இல்லை. பலரது உடம்பில் எறிகணைத் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. எம்.ஆர்.ஐ. ஸ்கானின் காந்தத்துக்குள் அத்தகைய இரும்புத் துண்டு அசையவோ சூடேறவோ கூடும். கண்ணுக்கு அருகிலோ முள்ளந்தண்டுக்கு அருகிலோ இருந்தால் விளைவு பாரதூரமானது. ‘உடம்பில் உலோகப் பொருள் உண்டா’ என்று படிவத்தில் கேட்டால் ‘இல்லை’ என்றே பதில் வரும். ‘செல் பீஸ் ஏதும் உள்ளுக்கு இருக்கா அம்மா’ என்று கேட்டால் சட்டையை விலத்தித் தழும்பைக் காட்டுவார்கள். அந்தக் கேள்வியை அந்தச் சொல்லிலேயே கேட்டு, சந்தேகமிருப்பின் முதலில் எக்ஸ்ரே எடுத்து, பதிலைக் கோரிக்கைத் தாளில் எழுதியே அனுப்ப வேண்டும்.

வழக்கு முடிந்து கோப்பை மூடும் நாளில், தீர்ப்பின் பிரதியைக் கூற்றுக் கொடுத்த ஒவ்வொருவருக்கும் அவர்கள் இப்போது எந்த மாவட்டத்தில் இருந்தாலும் அனுப்புங்கள். பதிவேட்டின் கடைசி நிரலில், இந்தச் சம்பவத்தினால் வைத்தியசாலையில் மாற்றப்பட்டது என்ன என்பதை எழுதுங்கள். அந்த நிரல் வெறுமையாக இருந்தால், கோப்பை இன்னும் மூட வேண்டாம்.